ஒரு குகை எத்தனை பேரைத் தாங்கும்: போஸ்தோய்னாவின் இருநூறு ஆண்டுகள்

பிரான்சின் தென்மேற்கில் உள்ள லாஸ்கோ குகை 1940 செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது; 1948இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது; 1963இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோவின் உத்தரவால் மூடப்பட்டது. ஆதி மனிதர்கள் அதன் சுவர்களில் வரைந்து, பல்லாயிரம் ஆண்டுகள் இருளில் கெடாமல் கிடந்த ஓவியங்களைப் பதினைந்தே ஆண்டுகளில் பச்சைப் பாசியும் வெண்ணிறச் சுண்ணப் படலமும் சூழத் தொடங்கின. ஓவியத்தின் மீது எவரும் கை வைக்கவில்லை. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே போய் நின்று மூச்சு விட்டதும், அவர்களுக்காக விளக்குகள் எரிந்ததும் போதுமானதாக இருந்தன. ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா குகையோ 1819ஆம் ஆண்டு முதல் மக்களை அனுமதித்துவருகிறது. இதுவரை ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போனார்கள். உள்ளே ரயில் ஓடுகிறது, இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன, நினைவுப் பொருட்கள் விற்கும் கடையும் இருக்கிறது. எனினும் அது மூடப்படவில்லை, மூட வேண்டும் என்ற பேச்சும் எழவில்லை.

இந்த வேறுபாட்டை அழகான குகை, எளிதில் கெடும் குகை என்ற பிரிவினையால் விளக்கிவிட முடியாது. ஒரு குகை எத்தனை பேரைத் தாங்கும் என்பது அதன் அளவு, அதற்குள் காற்று வந்து போகும் விதம், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், மனிதர்கள் அமைக்கும் பாதை, விளக்கு, கதவு ஆகிய அனைத்தும் சேர்ந்து முடிவு செய்யும் ஒன்று. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு இவற்றில் பாதிகூடப் படுவதில்லை.

போஸ்தோய்னா, தலைநகர் லியூப்லியானாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், சுண்ணாம்புப் பாறை நிறைந்த நிலப்பகுதியில் இருக்கிறது. பிவ்கா என்ற ஆறு அங்கே நிலத்துக்குள் புகுந்து மறைகிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்தும் அரித்தும் அது உண்டாக்கிய சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஆறு கீழே இறங்க இறங்க, அது முன்பு ஓடிய மேல்தளங்கள் வறண்டு கூடங்களாக நின்றுவிட்டன. பயணிகள் பார்ப்பது இந்த மேல்தளத்தைத்தான். ஆறு இன்றும் அவர்கள் காலடிக்குக் கீழே வேறொரு தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடங்களுக்குள் நிறைந்திருக்கும் கல் உருவங்கள் உருவாகும் முறை எளிமையானது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் சுண்ணாம்பைக் கரைத்தபடி விரிசல்கள் வழியே கீழே வருகிறது. குகையின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருப்பதால், கூரையில் தொங்கும் துளி அந்த வாயுவை வெளியே விட்டுவிடுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைக் கரைசலாக வைத்திருக்கும் திறன் நீருக்குக் குறைந்து, மெல்லிய ஒரு படலம் படிகிறது. மேலே படிவது விழுதாகத் தொங்குகிறது, கீழே விழும் துளியில் எஞ்சியது தரையிலிருந்து முளைபோல் எழுகிறது. முன்னதைக் கசிதுளி வீழ் என்றும் பின்னதைக் கசிதுளிப் படிவு என்றும் தமிழில் அழைப்பதுண்டு. சொட்டும் வேகத்தைப் பொறுத்து வளர்ச்சி பெரிதும் மாறும் என்றாலும், போஸ்தோய்னாவில் பத்து ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். ஐந்து மீட்டர் உயரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ‘பிரிலியன்ட்’ என்ற படிவு அந்தக் குகையின் அடையாளச் சின்னமாகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துளியிலிருந்து வாயு வெளியேறுவதற்குக் குகைக் காற்றில் அந்த வாயு குறைவாக இருந்தாக வேண்டும். மனிதன் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ நான்கு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது வெளிக்காற்றில் இருப்பதைப்போல் நூறு மடங்கு. ஒரு கூடத்தில் நெடுநேரம் கூட்டம் நின்றால், படிவது தடைபடும்; அளவு மேலும் கூடினால், வேதிவினையே திசை மாறி, படிந்த சுண்ணாம்பு கரையத் தொடங்கும். மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் பனித்து, அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு, சுவரை மெல்லத் தின்னும். நியூசிலாந்தின் வைட்டோமோ குகையில் ஒளிரும் புழுக்களைக் காண வரும் கூட்டம் காரணமாக இந்த ஆபத்து உணரப்பட்டு, காற்றில் பத்து லட்சத்துக்கு 2,400 பங்கு என்று கார்பன் டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மூச்சோடு சேர்த்து உடல் வெப்பமும் உண்டு: நடமாடும் ஒவ்வொரு மனிதரும் நூறு வாட் பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமமான வெப்பத்தையாவது வெளியிடுகிறார்.

இப்படியிருக்க, போஸ்தோய்னா எப்படித் தாக்குப்பிடிக்கிறது? முதல் காரணம் அளவு. லாஸ்கோவின் மொத்த நீளம் ஏறத்தாழ 235 மீட்டர். அதுவும் சரிந்து விழுந்த கல்லும் மண்ணும் வாயை அடைத்திருந்ததால் வெளிக்காற்றோடு ஏறக்குறையத் தொடர்பற்றுக் கிடந்த இடம். போஸ்தோய்னாவில் இசைக்கூடம் ஒன்றிலேயே பத்தாயிரம் பேர் நிற்கலாம் என்கிறார்கள். இரண்டாவதும் முக்கியமானதுமான காரணம், அந்தக் குகை தானாகவே காற்று மாற்றிக்கொள்கிறது என்பது. உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுவதும் பத்து டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்து கனமாக இருப்பதால் வாயில் வழியே உள்ளே பாய்கிறது. உள்ளிருக்கும் ஒப்பளவில் வெதுவெதுப்பான காற்று பாறை விரிசல்கள் வழியே மேலெழுந்து வெளியேறுகிறது. கோடையில் இந்த ஓட்டம் தலைகீழாகி வலுவிழக்கிறது. ஆகவே கூட்டம் மிகுதியாக வரும் கோடை மாதங்களில்தான் குகையின் காற்று மிகக் குறைவாக மாறுகிறது என்பது நிர்வாகிகளுக்கு ஒரு நெருக்கடி. விடுமுறைக் காலத்தை மாற்ற யாராலும் முடியாது.

காற்று தேங்குவதால் வரும் இன்னொரு சிக்கல் ரேடான். பாறையிலும் மண்ணிலும் இருக்கும் யுரேனியத்தின் சிதைவுச் சங்கிலியில் பிறக்கும் இந்தக் கதிரியக்க வாயு மூடிய இடங்களில் சேரும். போஸ்தோய்னாவிலும் கோடையில் அதன் அளவு கூடுகிறது. ஒன்றரை மணிநேரம் வந்து போகும் பயணிக்கு இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாள்தோறும் உள்ளே வேலை பார்க்கும் வழிகாட்டிகளுக்கும் ரயில் ஓட்டுநர்களுக்கும் அவர்கள் குகையில் கழிக்கும் நேரத்தைக் கொண்டு கதிர்வீச்சு அளவு கணக்கிடப்படுகிறது. சுற்றுலா விளம்பரங்களில் இடம்பெறாத செய்தி இது.

இனி ரயிலுக்கு வருவோம், ஏனென்றால் போஸ்தோய்னா என்றதும் பலரும் முதலில் சொல்வதும், பலர் முகம் சுளிப்பதும் அதைத்தான். 1872இல் தண்டவாளம் போட்டார்கள். முதலில் சிறு வண்டிகளில் பயணிகளை உட்காரவைத்து வழிகாட்டிகளே கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு பெட்ரோல் எஞ்சின் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் மின்கலத்தால் ஓடும் எஞ்சின்கள் வந்தன. இன்று பயணி திறந்த பெட்டியில் அமர்ந்து, தலைக்கு மேல் ஒரு முழம் இடைவெளியில் பாறைகள் கடந்துபோகும் சுரங்கங்கள் வழியே பத்து நிமிடம் பயணம் செய்து, நடுவில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு நடந்துவிட்டு, மீண்டும் ரயிலேறித் திரும்புகிறார். வழியில் முரானோ கண்ணாடியால் ஆன சரவிளக்கு தொங்கும் ஒரு கூடத்தையும் ரயில் கடக்கிறது. அந்தச் சரவிளக்கு அங்கே எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குகையில் நடன விருந்துகள் நடந்தன என்பதையும் அந்தக் காலத்து ரசனையையும் வைத்துத்தான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

குகைக்குள் ரயில் ஓடுவது இயற்கைக்கு இழைக்கும் அவமதிப்பு என்று நினைப்பது எளிது. கணக்குப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. ரயிலில் போகிறவர் சுவரைத் தொட முடியாது, பாதையை விட்டு விலகிப் படிவுகளுக்கு இடையே நடக்க முடியாது, வழி நெடுக நின்று மூச்சும் வெப்பமும் சேர்க்க முடியாது. நடந்து போனால் நெடுநேரம் உள்ளே இருக்க வேண்டிய தொலைவை அவர் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார். ஒன்றரை மணிநேரத்தில் ஒவ்வொரு குழுவும் வெளியே வந்துவிடுவதால்தான் அடுத்த குழுவுக்கு இடம் கிடைக்கிறது. தண்டவாளத்துக்காகப் பாறையைக் குடைந்தது மீளாத சேதம்தான். ஆனால் அந்தச் சேதம் ஒரே கோட்டில் அடங்கி நிற்கிறது. 24 கிலோமீட்டரில் பயணிகளுக்குத் திறந்திருப்பது ஐந்து கிலோமீட்டர் மட்டுமே. கூட்டத்துக்கு ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மற்றதைக் காப்பது என்ற ஏற்பாடு இது. விரும்பத்தக்கதா என்று கேட்டால் தயக்கமின்றி ஆம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு கோடிப் பேர் மெழுகுவர்த்தியோடும் கைத்தடியோடும் விருப்பம்போல் திரிந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படித் திரிந்த காலமும் ஒன்று இருந்தது. குகையின் வாயிலை ஒட்டிய பழைய பகுதியில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் பெயர்க் கிறுக்கல்கள்கூட உண்டு. தீப்பந்தத்தின் கரி படிந்தது, விழுதுகளை ஒடித்து நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். 1818இல் ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்சிஸின் வருகைக்காக விளக்கேற்பாடுகள் நடந்தபோது, உள்ளூர்க்காரரான லூகா செச் சுவரில் ஏறி உட்பகுதிக்குள் புகுந்தார். இன்று உலகம் பார்க்கும் கூடங்கள் அப்போதுதான் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டே கட்டணம் பெற்று மக்களை அனுமதிக்கத் தொடங்கினார்கள். இது உலகின் முதல் சுற்றுலாக் குகை என்று எண்ணிவிடக் கூடாது: அதே நாட்டின் விலெனிட்சா குகையில் 1633லேயே நுழைவுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

போஸ்தோய்னாவின் வாயிலருகே சுவரும் கூரையும் கன்னங்கரேலென்று இருப்பதைக் காணலாம். பந்தப் புகையால் இவ்வளவு கறுக்காது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை அங்கே விமான எரிபொருள் பீப்பாய்களைச் சேமித்துவைத்திருந்தது. 1944 ஏப்ரலில் எதிர்ப்புப் படையினர் அதற்குத் தீ வைத்தார்கள். நாட்கணக்கில் எரிந்த அந்த நெருப்பின் கரி எண்பது ஆண்டுகளாகியும் போகவில்லை. வெளியில் மழையும் வெயிலும் கழுவிப் போக்கிவிடும் ஒரு கறை, குகைக்குள் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும்.

விளக்கு வந்தது 1884இல். லியூப்லியானா நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வருவதற்கும் முன்பே இந்தக் குகை மின்னொளி பெற்றுவிட்டது. கரி உமிழும் பந்தங்கள் ஒழிந்தது நல்லதே. ஆனால் மின்விளக்கு வேறொரு விருந்தாளியை அழைத்துவந்தது. காட்சிக் குகை எதிலும் சற்றே குனிந்து விளக்குக்கு அருகில் பார்த்தால், சாம்பல் நிறப் பாறையில் கையகல வட்டமாக ஒரு பச்சைப் பூச்சு தெரியும். இன்னும் அருகில் பார்த்தால் நடுவில் பாசியும், ஓரத்தில் பொடிப்பொடியாகப் பாசித் தாவரங்களும், சில இடங்களில் சிறு பெரணி இலையும்கூட இருக்கும். காற்றோடும் பயணிகளின் உடை, காலணிகளோடும் வரும் விதைத்தூள்கள் இருளில் முளைக்க முடியாமல் கிடந்து, வெளிச்சமும் ஈரமும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் முளைத்துவிடுகின்றன. அவை பாறையின் நிறத்தை மாற்றுவதோடு, சுரக்கும் கரிம அமிலங்களால் மேற்பரப்பையும் அரிக்கின்றன. வெளுப்பான் கரைசலையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ தெளித்து இவற்றைக் கொல்வது வழக்கம். ஆனால் அளவு மீறினால் அதே கரைசல் பாறையையும் குகைவாழ் சிற்றுயிர்களையும் தாக்கும். தாவரங்கள் ஒளிச்சேர்க்கைக்கு அதிகம் பயன்படுத்தும் நீல, சிவப்பு அலைநீளங்களைக் குறைத்த எல்இடி விளக்குகளைப் பொருத்துவதும், ஒரு குழு கடந்ததும் அந்தப் பகுதியின் விளக்கை அணைத்துவிடுவதும்தான் இதற்கு நிலையான வழி. குழு நகர்ந்ததும் பின்னால் இருள் சூழ்வதைக் கண்டு, நின்று படமெடுக்க விடாமல் விரட்டுகிறார்கள் என்று பயணிகள் சலித்துக்கொள்வதுண்டு.

தொடக்கூடாது என்ற விதிக்கும் காரணம் உண்டு. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் நீர் பரவாமல் விலகி ஓடும், அந்த இடத்தில் படிவு வளராது, அழுக்கு மட்டும் சேரும். உடையிலிருந்து உதிரும் நூலிழைகளும் தோல் துகள்களும் பாதையோரங்களில் சேர்ந்து, குகைக்குரியதல்லாத பூஞ்சைகளுக்கு உணவாகின்றன. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையில் இந்த நூல்தூசியைத் தூரிகையும் இடுக்கியும் கொண்டு எடுப்பதற்கென்றே தன்னார்வலர்கள் முகாமிடுகிறார்கள்.

இவ்வளவும் கல்லைப் பற்றியது. போஸ்தோய்னாவின் உண்மையான சிறப்பு உயிர்களில் இருக்கிறது என்பதே என் கருத்து. 1831இல் அதே லூகா செச் அங்கே கண்டெடுத்த, மெலிந்த கழுத்தும் உருண்ட வயிறும் கொண்ட கண்ணற்ற வண்டு, குகை வாழ்வுக்கென்றே தகவமைந்த உயிரினமாக அறிவியல் முறையில் விவரிக்கப்பட்ட முதல் வண்டு. குகை உயிரியல் என்ற துறையின் தொடக்கமாக அதைக் கருதுகிறார்கள். அதைவிடப் புகழ்பெற்றது ஓல்ம் என்னும் நீர்வாழ் இருவாழ்வி. ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நீளம், மனிதத் தோலைப் போன்ற வெளிறிய நிறம், கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மூடிய வெறுமை, கழுத்தின் இருபுறமும் இளஞ்சிவப்பாக விரிந்த செவுள்கள், ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் தள்ளி நிற்கும் நான்கு குட்டைக் கால்கள். பெருமழையில் நிலத்தடி ஓடைகளிலிருந்து இவை வெளியே அடித்துவரப்பட்டதைக் கண்ட மக்கள், பாதாளத்தில் வாழும் டிராகனின் குட்டிகள் என்று நம்பியதை 1689இல் வெளியான தம் நூலில் வால்வசோர் என்ற அறிஞர் பதிவு செய்தார். உணவின்றிப் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். நூறு ஆண்டு வரை வாழக்கூடியது என்று கணிக்கிறார்கள்.

பயணிகள் பார்ப்பதற்காகக் குகைக்குள்ளேயே ஒரு தொட்டியில் சில ஓல்ம்களை வைத்திருக்கிறார்கள். 2016 ஜனவரி இறுதியில் அந்தத் தொட்டியின் சுவரில் ஒரு முட்டை ஒட்டியிருந்தது தெரிந்தது. முட்டைகளை மற்றவை தின்றுவிடும் என்பதால் தாயைத் தவிர ஏனையவற்றை வேறிடத்துக்கு மாற்றினார்கள். தொட்டியை மூடி இருட்டாக்கி, அகச்சிவப்புக் கேமரா வைத்து, திரையில் மட்டும் காட்டினார்கள். மொத்தம் 64 முட்டைகள். நான்கு மாதங்களுக்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவந்தன. இந்த உயிரினம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடும், இயற்கையில் அதன் இனப்பெருக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதால், அறிவியலாளர்களுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. கூட்டத்துக்காக வைத்த காட்சித் தொட்டி கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்கப்பட்ட பிறகே அந்த வாய்ப்பு கைகூடியது. ஓல்மின் எதிர்காலமோ நுழைவுச்சீட்டு வாங்குபவர்களின் கையில் இல்லை. பிவ்கா ஆற்றில் மேலே கலக்கும் கழிவுநீரும் வயல்களின் உரமும் மண்ணால் வடிகட்டப்படாமல் நேராகக் கீழே போய்ச் சேர்கின்றன என்பதுதான் அதற்கான பெரிய ஆபத்து.

போஸ்தோய்னாவின் ஏற்பாடு எல்லாக் குகைகளுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1974இல் இரு இளைஞர்கள் கார்ட்ச்னர் குகையைக் கண்டுபிடித்தபோது, வெளியே சொன்னால் அழிந்துவிடும் என்று அஞ்சிப் பதினான்கு ஆண்டுகள் செய்தி பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். வறண்ட பாலைநிலத்துக்கு அடியில் ஈரம் சொட்டும் அந்தக் குகையில் வெளிக்காற்று புகுந்தாலே படிவுகள் உலர்ந்துபோகும். ஆகவே 1999இல் திறந்தபோது, ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்கும் இரட்டைக் கதவுகளை வைத்தார்கள். வௌவால்கள் குட்டி போடும் கோடை மாதங்களில் பெரிய கூடத்தை மூடிவிடுகிறார்கள். போஸ்தோய்னாவைக் காப்பது காற்றோட்டம். கார்ட்ச்னரைக் காப்பது அதைத் தடுப்பது. லாஸ்கோவுக்கு இரண்டும் கைகொடுக்கவில்லை, புதிய குளிர்சாதனக் கருவியைப் பொருத்திய பின் 2001இல் பூஞ்சை பரவியது. பயணிகள் இப்போது பார்ப்பது பக்கத்தில் கட்டப்பட்ட நகலைத்தான்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கெட்டியான படிகப் பாறையால் ஆனது என்பதால் இத்தகைய பெரிய சுண்ணாம்புக் குகைகள் நமக்கு வாய்க்கவில்லை. நம் ஊர்களிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஆந்திரத்தின் போரா குகைக்கோ பேலம் குகைக்கோதான் போகிறார்கள். பேலம் குகையை 1884இல் பதிவு செய்தவர், அதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட். 3,229 மீட்டர் நீளமுள்ள அந்தக் குகையில் ஏறத்தாழ பாதி 2002 முதல் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே போகிறவர்கள் முதலில் சொல்வது புழுக்கத்தைத்தான். குகையின் வெப்பநிலை அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும்: ஸ்லோவேனியாவில் அது பத்து டிகிரி என்றால் ராயலசீமையில் அது வியர்க்க வைக்கும் அளவு. சமவெளியில் கிணறுபோல் இறங்கும் வாயும் குறுகலான பாதைகளும் கொண்ட பேலத்துக்கு, மலைச்சரிவில் அகன்று திறந்திருக்கும் போராவைப்போல் காற்று தாராளமாக வந்து போகாது. அங்கே விடுமுறை நாளில் எத்தனை பேரை ஒரே நேரத்தில் விடுகிறார்கள் என்பது போராவில் அதே கேள்வியைக் கேட்பதைவிட முக்கியமானது. போராவில் கவனிக்க வேண்டியது வேறு: பாறைகளின் மேல் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பாய்ச்சப்படும் வண்ண விளக்குகள். படிவுகளின் இயல்பான நிறத்தை அவை மறைக்கின்றன என்பது ரசனை சார்ந்த குறை. பச்சை விளக்கின் ஒளியில் பாசியின் பச்சை கண்ணுக்குத் தெரியாது என்பது பராமரிப்பு சார்ந்த குறை; வெள்ளை விளக்காக இருந்தால், எந்த விளக்கைச் சுற்றி எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதை நுழைவுச்சீட்டோடு போகும் எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.